ஏழாம் எண்ணுக்கு நான்கு மணிப் பால்

நாற்பது சுற்றில் ஆறு முடிந்திருக்கிறது. திரையில் கோடுகள் இன்னும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கின்றன. பதினைந்து வரைக்கும் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நகர மாட்டாமல் நிற்பவளைப் போல. கொரோனா காலத்தில் வந்த பிசிஆர் இயந்திரம் இது. அப்போது மனிதர்களின் மூக்குச் சளியைப் போட்டு ஓட்டினார்கள், இப்போது நான் குரங்குகளின் கல்லீரலைப் போட்டு ஓட்டுகிறேன். அதற்கு எல்லாம் ஒன்றுதான், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, சூடாக்கு, ஆற வை, எண்ணு. எனக்கு இதைப் பிடிக்கும். அவசரப்படாது, யாரைப் பார்த்தும் பரிதாபப்படாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். மணி இரண்டே கால். மூன்றரைக்குள் முடிந்துவிடும், மின்சாரம் போகாமல் இருந்தால். போனால் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும் என்று போன வருடம் சொன்னார்கள், போன வருடம் சொன்னதை நம்பித்தான் இந்த மீட்பு மையமே ஓடுகிறது. நான்கு மணிக்கு இயக்குநர் பரமானந்தத்தின் மேசையில் என் அறிக்கை இருக்க வேண்டும். அதே நான்கு மணிக்குத் தனிமை அறையில் ஏழாம் எண்ணுக்குப் பால் கொடுக்க வேண்டும். வந்த பதினொரு குரங்குகளில் மிச்சம் அது ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், மூன்றாம் தேதி காலையில், விமான நிலையத்தில் ஒருவனுடைய பெட்டிக்குள்ளிருந்து எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள், ஒவ்வொன்றையும் ஒரு துணிப்பையில் திணித்து வாயைக் கட்டியிருந்தான். அணில் அளவுக் குரங்குகள், காதோரம் வெள்ளை மயிர், மார்மோசெட் என்று பெயர், கடல் கடந்து எங்கோ தென்னமெரிக்கக் காட்டில் மரப்பிசின் நக்கிக்கொண்டிருக்க வேண்டியவை. பிடிபட்ட விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை, நான் இங்கே கால்நடை மருத்துவர். பத்து செத்துப்போயின. எப்படி என்று கண்டுபிடித்து எழுதச் சொன்னதும் என்னைத்தான், வேறு யாரை இங்கே சொல்ல முடியும்.

எட்டு. எட்டாவது சுற்று. நோய் முதலில் நாக்கில்தான் வந்தது. பத்தாம் தேதி இரண்டாம் எண் பழத்தைக் கையில் வாங்கி வாயருகே கொண்டுபோய் அப்படியே கீழே போட்டது, மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு முழுக்க வெள்ளைப் புண். பன்னிரண்டாம் தேதி அது போயிற்று. பிறகு ஒரு நாளைக்கு ஒன்று, ஒரு நாள் மூன்று, இருபதாம் தேதிக்குள் பத்தும். அறுத்துப் பார்த்ததில் கல்லீரலில் ரவை தூவியதுபோல் புள்ளிகள். குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது, எடை, வெப்பம், நேரம். அழகான குறிப்பேடு என்று நானே சொல்லிக்கொள்ளலாம். மையத்தில் இருந்தவர்களுக்கோ வேறு பயம். குரங்கிலிருந்து மனிதனுக்கு என்ன வரும் என்ற பயம். சமையல்காரம்மா நான்கு நாள் வரவில்லை. காவலாளியின் மனைவி அவரை வாசலிலேயே குளிக்க வைத்துத்தான் உள்ளே விட்டாளாம். மாலைப் பத்திரிகை ஒன்று மர்மக் காய்ச்சல் என்று போட்டது, இதில் மர்மம் என்ன இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. நானும் பயந்துதான் ஒவ்வொன்றாகத் தேடினேன், வெறிநோய் இல்லை, காட்டுக் குரங்குக் காய்ச்சல் இல்லை, பெரிய குரங்குகள் கடித்தால் வருகிற அந்த ஆட்கொல்லி வைரஸ் இல்லை. எல்லாம் இல்லை, இல்லை என்று வந்த பிறகுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. குரங்கிலிருந்து நமக்கு என்ன வரும் என்று கேட்டது போதும், நம்மிடமிருந்து அதற்கு என்ன போயிருக்கும். நமக்கு உதட்டோரம் ஒரு கொப்புளம் வருமே, காய்ச்சலுக்குப் பிறகு, வெயிலுக்குப் பிறகு, தூக்கம் கெட்டால், நான்கு நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும், அதற்கு யாரும் டாக்டரிடம்கூடப் போவதில்லை. அந்த வைரஸ் நூறு பேரில் அறுபது எழுபது பேருடைய முகத்து நரம்புகளில் சின்ன வயதிலிருந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. நமக்குக் கொப்புளம். இந்தச் சின்னக் குரங்குகளுக்கு அது சாவு. அதைத்தான் இப்போது இயந்திரத்திடம் கேட்டிருக்கிறேன், செத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, அந்த வைரஸ் இருந்தால் கோடு எழும்.

பத்து. ஷகிலா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஆய்வகத்தில் எனக்கு உதவி அவள்தான், ஆறு வருடமாக என்னிடம் வேலை கற்றவள். டீ வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். முனிரத்தினம் வெளியே வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்றாள். உட்காரட்டும். முனிரத்தினம் விலங்குக் காப்பாளர், பத்தொன்பது வருடமாகத் தற்காலிகம், ஐம்பத்திரண்டு வயது. சிறுத்தைக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறார், மலைப்பாம்புக்குப் புண் கழுவியிருக்கிறார், அவர் கை பட்டால் எந்த மிருகமும் அடங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெயர் வைத்துவிடுவார், எது வந்தாலும் பெயர். இந்தப் பதினொன்றுக்கும் வைத்தார். நான் எண்தான் போட்டேன், கழுத்துப் பட்டையில் ஒன்று முதல் பதினொன்று. ஏழாம் எண்ணை அவர் கடுகு என்று கூப்பிடுவது தெரியும், மற்றதுக்கு என்னென்ன என்று நான் கேட்டதில்லை. பெயர் வைத்தால் வேலை கெடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எல்லை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது அதைக் கற்றுக்கொண்டேன், நான்கு நாளில் பன்னிரண்டாயிரம் கோழியைக் கொன்றோம். பண்ணைக் கோழிகளை அள்ளிக் குழியில் போடுவது ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் மட்டும் ஒரே ஒரு சேவல், அந்த அம்மாள் அதை ராசப்பா என்று கூப்பிட்டுவிட்டாள், எங்கள் கையில் கொடுக்கும்போது, ராசப்பா போய்ட்டு வா என்று. அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாளிலிருந்து எண்கள் மட்டும். இருபத்திரண்டு வருடம் அதில் குறை ஒன்றும் வரவில்லை, ராத்திரி தூங்கியிருக்கிறேன், கணக்காக எழுதியிருக்கிறேன், அழுததில்லை. அழுது என்ன ஆகப்போகிறது.

பதினாறு. தரையில் ஒரு நெளிவு, சந்தேகப்படலாம்போல. பதினேழில் சந்தேகமில்லை. முதல் கோடு எழுந்துவிட்டது, அதன் பின்னால் இரண்டு, பிறகு நான்கைந்து ஒன்றாக, பதினெட்டில் பத்தும் எழுந்து வளைந்து மேலே போகின்றன. வைரஸ் கொட்டிக் கிடந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் எழும். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தால் ஒரு திருப்தி இருக்குமே, அது வந்தது, வந்ததற்காக வெட்கப்படவும் இல்லை. மனித உதட்டு வைரஸ். குரங்கு மனிதனுக்கு ஒன்றும் தரவில்லை, மனிதன்தான் குரங்குக்குத் தந்திருக்கிறான், இதை நாளைக்கு அந்த மாலைப் பத்திரிகை எந்த மூலையில் போடுமோ. மேசையில் அறிக்கை பாதி அடித்தபடி இருக்கிறது, முடிவு தெரிந்த பிறகு நிரப்புவதற்கு ஓரிரு இடங்களை விட்டிருந்தேன். நோய் வந்த வழி என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது, காப்பாளர் எஸ். முனிரத்தினத்தின் உதட்டுப் புண் மூலம். நேற்றே அடித்துவிட்டேன். பதின்மூன்றாம் தேதி அவர் உதட்டில் பொருக்கு இருந்ததை நானே பார்த்தேன். கேட்டதற்கு வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது, வெந்துவிட்டது என்றார். அறை வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன், காய்ச்சல், இருமல், தோலில் புண், தினமும் உண்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தினமும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார். உண்டு என்று எழுதினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், தற்காலிகத்துக்கு வீடு என்றால் சம்பளம் இல்லை, யார்தான் எழுதுவார்கள். அதோடு கஞ்சியை வாயால் ஊதி ஆற்றுகிற பழக்கம். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், ஊதாதீர்கள், விசிறுங்கள் என்று. பணி நிரந்தரப் பட்டியல் இந்த வாரம் இயக்குநரிடம் கையெழுத்துக்கு இருக்கிறது, அதில் அவர் பெயர் மூன்றாவது. இந்த ஒரு வரி மேலே போனால் அந்தப் பெயரும் போகும், ஆளும் போவார். பரமானந்தம் காலையில் தொலைபேசியில் இதைச் சொல்லாமல் சொன்னார், மேலே கேட்கிறார்கள் மேடம், யாராவது ஒருத்தர் பேர் வேணும். வருத்தமாகத்தான் இருக்கிறது. வருத்தப்பட்டு உண்மையை மாற்ற முடியுமா. பணி அட்டவணையில் இந்த மாதம் முழுக்கத் தனிமை அறைக்கு அவர் பெயர்தான் இருக்கிறது, மாதம் பிறக்குமுன்பே நான் போட்ட அட்டவணை. மூன்றாம் தேதி தொற்றினால் பத்தாம் தேதி புண், ஏழு நாள், புத்தகத்தில் இருப்பதும் ஏழு நாள்தான். இதைவிடக் கச்சிதமாக ஒன்று பொருந்துமா. ஒரு சின்ன உறுத்தல். உதட்டுப் புண்ணை நான் பார்த்தது பதின்மூன்றாம் தேதி, அதற்கு முன்பும் இருந்திருக்கும், கொப்புளம் வருமுன்பே வைரஸ் எச்சிலில் வரும். எழுதலாம். பேனாவை எடுத்துக் குறிப்பேட்டின் ஓரத்தில் பதினேழு, உறுதி என்று எழுதுகிறேன். ஏதோ கடிபடுகிறது.

பல்லுக்கு இடையில் பேனா மூடி. எப்போது வைத்தேன். இடது கை கணினிச் சுட்டியின் மேல், வலது கையில் பேனா, மூடி வாயில். இதில் என்ன இருக்கிறது, எல்லோரும் செய்வதுதான், பள்ளிக்கூடத்திலிருந்து செய்கிறேன். எடுத்து மேசையில் வைக்கிறேன், ஓரத்தில் பல் பட்ட தடம், ஈரம். கால்நடை மருத்துவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒரு கை ஆட்டின் கழுத்தில், ஒரு கையில் ஊசி, மூன்றாவது கையாகப் பல். ஊசியின் மூடியைப் பல்லால் கழற்றி அப்படியே கடித்துக்கொண்டு குத்திவிட்டு மறுபடி மாட்டுவோம். கல்லூரியில் பேராசிரியரே செய்வார். சரி. இருபத்தொன்றாவது சுற்று. மூன்றாம் தேதி காலையில் பதினொன்றும் தண்ணீர் வற்றிப்போய்த் துவண்டு கிடந்தன. உப்புச் சர்க்கரைக் கரைசலும் பாலும் கலந்து சின்னச் சின்ன சிரிஞ்சுகளில் நிரப்பி, எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மூடி மாட்டித் தட்டில் அடுக்கினேன். இடது கையில் சின்னத் துண்டால் சுற்றிய குரங்கு, வலது கையில் சிரிஞ்சு. மூடி. மூடியை எந்தக் கையால் எடுத்தேன். வேறு கை இல்லை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தேன், அந்த அறை அவ்வளவு புழுக்கம். முகக்கவசம் கட்டாயம் என்று கதவில் ஒட்டியிருக்கிற தாளில் இருப்பதும் என் கையெழுத்துதான். பல்லால் இழுத்து, கடித்துக்கொண்டு, துளித்துளியாக ஊட்டி, மீதியிருந்தால் வாயிலிருந்த மூடியை மறுபடி மாட்டி, அரைமணி கழித்து அதே சிரிஞ்சு, அதே வாய். மூன்று நாள். மூன்று நாளும் நான்தான். முனிரத்தினம் இருந்திருந்தால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார், எனக்கு இரண்டு கையும் இருந்திருக்கும், பல் எதற்கு. அவர் இல்லை. அவர் ஏன் இல்லை. அவர் மனைவிக்குக் கண் அறுவை, விடுப்பு, ஒன்றாம் தேதியிலிருந்து எட்டு வரை, நானே கையெழுத்துப் போட்ட விடுப்பு. வருகைப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, அட்டவணை என் சுவரில் இருக்கிறது, நான் என் சுவரைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி வந்தவர் பத்தாம் தேதிக்குள் எப்படிப் புண் வரவைப்பார்.

இருபத்தாறு. அதனால் என்ன, எனக்கு உதட்டில் ஒன்றும் இல்லையே. மங்கை ஏதோ கேட்டாள். என் தங்கை, மூன்றாம் தேதி சாயங்காலம் வீடியோவில் பேசினாள், அவளுடைய பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல. இடம் கிடைத்த விஷயம் ஞாபகம் இருக்கிறது, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் எல்லாம் இருக்கிறது. நடுவில் ஏதோ கேட்டாள், நான் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஏன் தள்ளி வைத்தேன். கோடுகள் மேலே போய்ச் சமமாகி ஓடுகின்றன, இனி அவற்றில் புதிதாக ஒன்றும் வராது. அதற்கு முந்தைய வாரம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன், பதிவேட்டில் இல்லை என்று எழுதினேன். பதிவேட்டில் நானும்தான் கையெழுத்துப் போடுகிறேன். உதட்டு ஓரம் குறுகுறு என்றிருந்தது, தேங்காய் எண்ணெய் தடவினேன். உதட்டுல என்னடி அது, என்றாள் மங்கை. வெயில், என்றேன். அவ்வளவுதான், முழுவதும் வந்துவிட்டது, ஒரு வார்த்தை விடாமல். அவருக்குச் சுண்ணாம்பு, எனக்கு வெயில். பயமாக இருக்கிறது, இதை எழுதிக்கொள்ள வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் தேதிக் குறிப்பில், ஏழாம் எண், ஒத்துழைக்கவில்லை. காலில் காயத்தோடு வந்ததால் அதைத் தனிக் கூண்டில் போட்டோம். சிரிஞ்சைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு என் விரலைக் கடிக்கப் பார்த்தது, சரிதான் போ என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு வந்தேன், தானாக நக்கிக் குடித்தது. என் கையில் குடித்த பத்தும் செத்தன. குடிக்க மாட்டேன் என்றது மட்டும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஆய்வாளருக்கு என்ன சான்று வேண்டும். ஆனால் இதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. இயந்திரம் எந்த வைரஸ் என்று சொல்லும், யாருடைய உதடு என்று சொல்லாது. ஷகிலா மூன்று நாளும் இந்தப் பக்கம் பால் கலந்துகொண்டிருந்தாள், தனிமை அறையின் கண்ணாடி வழியே பார்த்திருப்பாள், பார்த்தது அவளுக்கு ஒரு தப்பாகவே தெரிந்திருக்காது. அட்டவணை அவர் பெயரைத்தான் சொல்கிறது. வருகைப் பதிவேட்டை யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. எனக்கு ஓய்வுக்குப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது, துணை இயக்குநர் பதவி அடுத்த ஆண்டு. முப்பத்தொன்று. வரி ஏற்கெனவே அடித்திருக்கிறது, நான் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரியாது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. பேனா மூடியைப் பேனாவில் மாட்டுகிறேன், கழற்றுகிறேன், மாட்டுகிறேன்.

நாற்பது. இயந்திரம் மூன்று முறை கீச்சிட்டு நிற்கிறது. கதவில் முனிரத்தினம். ஷகிலா சொல்லியிருப்பாள், அல்லது சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கமே நிற்கிறார், பதினான்காம் தேதி அந்தப் பொருக்குக்காக அவரை உள்ளே வரக்கூடாது என்று நான் சொன்னதிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. கையில் கோடு போட்ட தாள் ஒன்று, நான்காக மடித்தது. நீட்டுகிறார். எழுந்துபோய் வாங்கிப் பிரிக்கிறேன். பெரிய பெரிய எழுத்து, அழித்து அழித்து எழுதியது. என் உதட்டுப் புண்ணை மறைத்தது தப்பு, என்னால்தான் குரங்குகள் இறந்தன, இதற்கு முழுப் பொறுப்பு நான், வேறு யாரையும் கேட்க வேண்டாம், கீழே கையெழுத்து, தேதி. காலையிலிருந்து மரத்தடியில் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார், உதட்டு வைரஸைத் தேடுகிறோம் என்று ஷகிலா நேற்றே சொல்லியிருப்பாள். இயக்குநர் கேட்ட பேர், கையெழுத்தோடு, வீடு தேடி வந்திருக்கிறது. இதை அறிக்கையோடு சேர்த்து ஒரு குண்டூசி குத்தினால் முடிந்தது. தாள் என் கையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் டாக்டரம்மா. நீங்க ஊதாதேன்னு எத்தினி வாட்டி சொன்னீங்க. சூடா இருந்தா நாக்கு வெந்துடுமேன்னு ஊதிப்புட்டேன்."

"ஏழுக்கும் ஊதினீங்களா?"

"கடுகுக்கா? எல்லாத்துக்கும்தான் ஊதுவேன். அதுக்குத்தான் நெறைய, அது சூடு தாங்காது."

அதுவும் ஆயிற்று. கடைசிச் சான்றையும் அவரே வாசலில் நின்று கொடுத்துவிட்டார், ஊதியதுதான் காரணமென்றால் முதலில் ஏழாம் எண்தான் போயிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரிடம் எத்தனை முடிவு சொல்லியிருக்கிறேன், உங்கள் மாட்டை விட முடியாது, உங்கள் பண்ணையை மூட வேண்டும், ஒரு நாளும் குரல் நடுங்கியதில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. தேதிகளைச் சொன்னேன். அவர் விடுப்பில் இருந்த நாட்கள், நோய்க்கு வேண்டிய நாட்கள், ஒன்பது, பத்து. முதலில் அவருக்குப் புரியவில்லை, தலையாட்டிக்கொண்டே இருந்தார், நான் ஏதோ ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அதனால் பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றிக் காட்டினேன்.

"முதல் மூணு நாள் பால் கொடுத்தது நான். சிரிஞ்சு மூடியை இப்படித்தான் எடுத்தேன், பத்துக்கும். எனக்கு உதட்டுல வந்திருந்தது. உங்களால இல்ல முனிரத்தினம், என்னால."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வரும் என்று. வரவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி மேசைக்குப் போய் அந்த வரியை அழித்தேன், எஸ். முனிரத்தினத்தை ஒவ்வொரு எழுத்தாக, பிறகு என் பெயரை, கால்நடை மருத்துவர் தவமணி என்று அடித்து, வழிமுறை, தேதி, ஏழாம் எண்ணின் விதிவிலக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை, திருத்தினேன். அவர் எழுதிய தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, அதே மடிப்பில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அதுங்க ஒவ்வொண்ணா போறப்ப, நான்தான் காரணம்னு நெனச்சிக்கினு கண்ணாடிக்கு வெளிய நின்னு மன்னிச்சிக்கடான்னு கேட்டேன். முன்னாடி போனதுங்களையும் சேத்து பத்துகிட்டயும் கேட்டேன்" என்றார். கோபமில்லை, குற்றம் சொல்கிற குரலும் இல்லை. "நீங்க ஏதாவது ஒண்ணுகிட்ட கேட்டீங்களா டாக்டரம்மா?"

கேட்கவில்லை என்றேன். நான்கு மணி ஆகப் பத்து நிமிடம். ஏழாம் எண்ணுக்குப் பால். தட்டில் கை வைக்கப்போனவள் வைக்காமல் நின்றுவிட்டேன். இந்தப் பத்து நாளும் முழு உடை, கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தகடு என்று எல்லாம் மாட்டிக்கொண்டு நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஷகிலா பால் கலப்பாள், நான் ஊட்டுவேன். கால் ஆறிவிட்டது, கூண்டை விட்டு வெளியே கையில் எடுத்தால் இப்போது கடிப்பதில்லை, சிரிஞ்சில்கூடக் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி நான் போகக்கூடாது. அவரும் கூடாது. ஷகிலாவைக் கூப்பிட்டு இன்று நீ கொடு என்றேன். தனியாகவா மேடம் என்றாள். தனியாக என்றேன். பரமானந்தத்தின் அழைப்பு மேசையில் அதிர்ந்துகொண்டிருந்தது, அறிக்கை அனுப்பியாகிவிட்டது, பெயர் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

தனிமை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இரண்டடி தள்ளி, நானும் முனிரத்தினமும் நிற்கிறோம். உள்ளே ஷகிலா முழு உடையில். நான் ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்கிறாள், துண்டை விரிக்கிறாள், கழுத்துக்குக் கீழே பிடிக்கிறாள், இடது கையில் சுற்றி எடுக்கிறாள், வலது கையில் சிரிஞ்சு. மூடியைப் பார்க்கிறாள். வேறு கை இல்லை. தலை குனிகிறது, சிரிஞ்சு வாயை நோக்கி வருகிறது, டக் என்று முகத் தகட்டில் முட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறாள், கண்ணில் தெரிகிறது, பிறகு சுண்டுவிரலால் நெம்பி மூடியைத் தட்டில் தள்ளிவிட்டுப் பாலைக் கொடுக்கிறாள். நான் இதை ஒருநாளும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். முனிரத்தினம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏழாம் எண் குடிக்கிறது, இரண்டு கையாலும் சிரிஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு, காதோர வெள்ளை மயிர் ஒவ்வொரு மடக்குக்கும் ஆடுகிறது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தவள், முகத்தைத் தொடக்கூடாது என்று நானே போட்ட விதி ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டேன். கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், பத்திடமும். ஒன்றாம் எண்ணே மன்னித்துவிடு என்று எப்படிக் கேட்பது.

"ஒண்ணாம் நம்பருக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"சீரகம்" என்றார்.

சொன்னேன், வாய்க்குள்ளேயே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "ரெண்டு?" என்று கேட்டேன்.